ஜெனோவாவின் குரலும் சித்திரைக் கவாத்தும்

"மே 9, சனி. ராத்திரி ஒன்றரை மணிக்குத் தக்காளி இலையைப் படம் எடுத்து அனுப்பினேன் லா. ஒரு நிமிசத்துல பதில் வந்திருச்சு. பொம்பளப் பிள்ளை குரல், பொறுமையா 'அண்ணே'ன்னு கூப்பிட்டுப் பேசுது. மனுசப் பிள்ளைன்னா தூங்காதா? நீ மதுரைக்குக் கல்யாணத்துக்குத்தானே போயிருக்க. அப்படியே தேனிப் பக்கம் போயி, அது ஆளா மிஷினான்னு பாத்துட்டு வந்திரு."

இதை அனுப்பியவன் மணியம். 'லா' போடாமல் எங்கள் மலேசியாக்காரர்களுக்குப் பேச்சு முடியாது. என் பள்ளித் தோழன். கேமரன் மலையில் தக்காளியும் முட்டைக்கோசும் போடுகிறவன். தமிழ் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ கொடுத்த எண் அது. கம்பம் பள்ளத்தாக்கில் ஜெனோவா என்றொரு பெண் இருக்கிறார், திராட்சைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர், படம் அனுப்பினால் பயிருக்கு என்ன நோய் என்று குரல் பதிவில் சொல்லிவிடுவார் என்று இவன் கேள்விப்பட்டிருக்கிறான்.

நான் ஈப்போவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் தேதி குறித்துவைப்பது அந்தத் தொழில் கொடுத்த பழக்கம். ஆகவே முதலில் ஒன்றைப் பதிவு செய்துகொண்டேன்: மலேசியாவில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை என்றால் தேனியில் பதினொன்று. நல்லவர்கள் தூங்கும் நேரம்தான், ஆனால் பேய் உலவும் நேரமில்லை. இதை மணியத்துக்கு எழுதினேன். "வக்கீல் மாதிரி பேசாத, போயிப் பாரு" என்று பதில் வந்தது.

புதன்கிழமை காலை மதுரையில் ஒரு குவளை பருத்திப்பால் குடித்துவிட்டுக் கிளம்பினேன். எங்கள் ஊர் சோயா பாலுக்கு அக்கா முறை ஆகவேண்டும் அது. வெல்லமும் சுக்கும் சேர்ந்து வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. பேருந்தில் பாட்டு காதைப் பிளந்தது. பக்கத்து இருக்கையில் காலிச் சாக்குகளை மடியில் வைத்திருந்த ஒரு காய்கறி வியாபாரி அம்மாள் என்னை விசாரித்தார்.

"எந்த ஊருக்காரவுக?"

"மலேசியா."

"அங்கன பஸ்ஸுல பாட்டுப் போடுவாகளா?"

"போடமாட்டார்கள்."

"ஆத்தி! அப்ப எப்பிடித் தூங்குவாக?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பாட்டிலேயே தூங்கிப்போனார்.

தேனியில் மத்தியானச் சாப்பாடு. பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, சால்னாவை ஊற்றிக் குளமாக்கி, "இன்னும் ஊத்தவா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய், ஒரு சின்னக் கிண்ணத்தில் பருப்புக் குழம்போடு வரும். தொட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது நம் இஷ்டம். இங்கே அந்த முடிவை நம் கையில் விடுவதில்லை.

கம்பம் போகும் பேருந்தில் நடத்துநரிடம் சின்னமனூரில் இறக்கிவிடச் சொன்னேன். வயிறு நிறைந்திருந்தது, பாட்டும் ஓடியது. காய்கறி அம்மாள் சொன்னதில் உண்மை இருக்கிறது. கண் விழித்தபோது பேருந்து உத்தமபாளையத்தில் நின்றுகொண்டிருந்தது. "சின்னமனூரு, சின்னமனூருன்னு கத்துனேன் சார். நீங்க கொறட்டையில பதில் சொன்னீக. நான் என்ன செய்ய?" என்றார் நடத்துநர்.

ஜெனோவாவுக்கு அழைத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். காதில் சின்னத் தோடு, காலில் தோட்டத்துச் சேறு காய்ந்த செருப்பு. "மணியம் அண்ணன் அனுப்புன ஆளு நீங்கதான சார்? ஏறுங்க" என்றார். மணியம் எனக்கு அனுப்பிவைத்த பதிவில் கேட்ட அதே குரல். வாக்கியத்தின் கடைசியில் லேசாக மேலே ஏறும் அந்த இழுப்புகூட அதேதான். ஆள் இருக்கிறார் என்பது உறுதியாயிற்று. மணியத்தின் கேள்வியில் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதியை ராச்சாப்பாட்டின்போது கேட்டேன். சின்னமனூரைத் தாண்டிய கிராமம் அது. மாதா கோயில் திருவிழா முந்தின ஞாயிறுதான் முடிந்திருந்தது. தெருவில் சீரியல் விளக்குகளைக் கழற்றியிருக்கவில்லை. இட்லியும் கருவாட்டுக் குழம்பும். ஜெனோவாவின் கணவர் பள்ளி ஆசிரியர். இரண்டாவது முறை குழம்பு ஊற்றியதைத் தவிர வேறெதிலும் தலையிடவில்லை.

"பாதி நான், பாதி மிஷின் சார்" என்று சிரித்தார் ஜெனோவா. பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தவர். பத்து வருடமாக இந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்கிறார். இருநூறுக்கு மேற்பட்ட தோட்டக்காரர்கள் இவரைத் தினமும் கேட்கிறார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி, போன வருடம் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார். தோட்டக்காரர் அனுப்பும் படத்தையும் கேள்வியையும் செயற்கை நுண்ணறிவு படித்துப் பதில் தயாரிக்கும். அந்தப் பதிலை ஜெனோவாவின் குரலிலேயே பேசும். ஜெனோவா ஒருமுறை கேட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் அனுப்புவார், இல்லாவிட்டால் திருத்துவார்.

"ராத்திரி பதினோரு மணிக்குமா கேட்டுப் பார்ப்பீர்கள்?"

கொஞ்சம் தயங்கினார். "திருவிழா வாரம் மட்டும் அதுவா அனுப்பட்டும்னு விட்டுட்டேன் சார். வீடு நெறைய சொந்தக்காரக. நாளைக்கு மாத்திரணும்."

"பேசுவது நீங்கள் இல்லை என்று தோட்டக்காரர்களுக்குத் தெரியுமா?"

"கேட்டாச் சொல்லுவேன். யாரும் கேக்கல."

நான் என் பழைய வேலையைப் பற்றிச் சொன்னேன். சாட்சி முணுமுணுத்தது என் காதில் சரியாக விழாவிட்டால், எழுந்து நின்று "விழவில்லை" என்று நீதிபதியிடம் சொல்லவேண்டும். சொன்னதாக நினைத்துக்கொண்டு எதையாவது போட்டு நிரப்பினால் ஓர் ஆளே உள்ளே போய்விடுவான். இதைச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும். ஜெனோவா அதைக் கவனித்துவிட்டார்.

"உங்களுக்கு ஒரு நேரத்துல ஒரு சாட்சி சார். எனக்கு மழை பெஞ்ச ராத்திரி அறுபது பேரு கேப்பாக. முன்னாடியெல்லாம் நான் பதில் சொல்ல மறுநாள் சாயங்காலம் ஆகும். அதுக்குள்ள அவுக மருந்துக் கடைக்குப் போயி, கடைக்காரரு கையில எது இருக்கோ அதை வாங்கி அடிச்சிருவாக. போன ஐப்பசியில அடிச்சாம்பல் நோய் வந்தப்ப, இந்த மிஷின் இருந்ததாலதான் பாதிப் பேரு தப்பிச்சாக."

அது நியாயமாகத்தான் பட்டது. குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம் என்று ஓடைப்பட்டிக்கு அழைத்துப் போனார். கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த பந்தல்கள் இருபுறமும். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால் பச்சை வெளிச்சம். எங்கள் கேமரன் மலையில் பயிருக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்டு, உள்ளே வெந்துபோவோம். இங்கே பயிரே கூரை.

தோட்டத்தின் சொந்தக்காரர் தவசி, ஐம்பது வயது இருக்கும். "வாத்தா, வா" என்று பம்புசெட் பக்கமிருந்து கூப்பிட்டார். அவர் மனைவி பேச்சியம்மாள் வெளியூர்க்காரனான எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். நான்கு வாரத்துக்கு முன்பு, சித்திரை பிறந்த கையோடு, கொடிகளைக் கவாத்து செய்திருக்கிறார்கள். அதாவது பழைய கிளைகளை வெட்டிவிட்டிருக்கிறார்கள். இந்நேரம் புதுத் துளிரில் கொத்துகள் பச்சை மிளகுச் சரம் போலத் தொங்கவேண்டும் என்று விளக்கிக்கொண்டே ஜெனோவா முன்னால் நடந்தார். பாதித் தோட்டம் தாண்டியதும் பேச்சு நின்றது.

மேலே கொத்து ஒன்றுகூட இல்லை. தரையில், காய்ந்தும் காயாமலும், கிள்ளிப்போட்ட பிஞ்சுக் கொத்துகள் பரவிக் கிடந்தன.

"யாருண்ணே கிள்ளச் சொன்னா?" குனிந்து ஒரு கொத்தைக் கையில் எடுத்தார் ஜெனோவா.

தவசி விழித்தார். "என்னத்தா இப்பிடிக் கேக்குற? நீதான சொன்ன."

"நானா?"

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தேடி, சத்தத்தைக் கூட்டி வைத்தார். பந்தலுக்கடியில் ஜெனோவாவின் குரல் தெளிவாக வந்தது: "தவசி அண்ணே, சித்திரைக் கவாத்துல வர்ற கொத்தை வச்சுக்காதீங்க. அம்புட்டையும் கிள்ளிருங்க. இப்பக் கொடி முத்தினாத்தான் ஐப்பசிக் கவாத்துல நல்லாப் பிடிக்கும்."

ஜெனோவா தன் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

பிறகு காரணத்தை அவரே சொன்னார். வடக்கே, மகாராஷ்டிராப் பக்கம், வருடத்துக்கு ஒரே அறுவடை. சித்திரையில் வெட்டுவது கொடியைத் தேற்றுவதற்கு மட்டும். அப்போது தப்பித்தவறிக் கொத்து வந்தால் கிள்ளிவிடுவார்கள். பழம் ஐப்பசிக் கவாத்தில்தான். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் கணக்கே கிடையாது. பன்னீர்த் திராட்சை இங்கே எந்த மாதம் வெட்டினாலும் காய்க்கும். ஒவ்வொரு கவாத்துக்கும் ஓர் அறுவடை உண்டு. மிஷின் படித்த புத்தகங்களில் பெரும்பகுதி வடக்கத்தித் தோட்டங்களைப் பற்றியதாக இருந்திருக்கும். எந்த ஊர்த் தோட்டம் என்று அது கேட்கவில்லை. "நான் ஒரே ஒரு தடவை காதுல வாங்கியிருந்தா நிறுத்தியிருப்பேன் சார். இந்தத் தப்பு இங்கன முதல் வருசம் படிக்கிற பிள்ளைக்குக்கூட வராது."

"உங்களுக்குத் தெரியாதா?" என்று தவசியைக் கேட்டேன். முப்பது வருடத் திராட்சைக்காரர்.

"தெரியாமயா இருக்கும்?" என்று முந்திக்கொண்டார் பேச்சியம்மாள். "நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'அந்தப் பிள்ளை சொல்லுதுன்னா என்னமோ புது ரகமா காரணம் இருக்கும், பேசாம கிள்ளு'ன்னாரு. எனக்கு மனசு வரல. கை வலிக்குதுன்னு சொல்லிட்டு அந்தப் பக்கத்தை அப்பிடியே போட்டுட்டேன்." அந்தப் பாதி தப்பியிருந்தது.

ஜெனோவா முதல் வேலையாகப் போனில் மிஷினை நிறுத்தினார். பிறகு திருவிழா வாரத்தில் போன பதில்களை மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். சித்திரையில் கவாத்து செய்த இன்னும் பத்துப் பேருக்கு இதே பதில் போயிருந்தது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டவர்களுக்குச் சரியான பதிலும் போயிருந்தது. எது எப்போது தவறும் என்று சொல்லமுடியாததுதான் இதில் பெரிய தொல்லை.

தம்பிக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அக்கா, பதறாத. மிஷின்னு மட்டும் சொல்லிராத, மொத்தப் பேரும் ஓடிருவாங்க. வேற ஊருக்கு அனுப்ப வேண்டியது மாறி வந்திருச்சுன்னு ஒரு வாய்ஸ் போட்டுரு. நானே ரெடி பண்ணித் தரேன்."

பேச்சியம்மாளின் காது கூர்மையானது. "என்ன மிஷினு?"

ஜெனோவா போனை அணைத்தார். பிறகு தவசியின் முன்னால் போய் நின்று சொன்னார். "அண்ணே, அது நான் பேசுனது இல்ல. என் குரலை ஒரு மிஷினுக்குக் குடுத்து வச்சிருக்கேன். ஒரு வருசமா அதுதான் பேசுது. அனுப்புறதுக்கு முன்னாடி நான் கேட்டுருவேன். போன வாரம் கேக்கல."

தவசி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்பது போல.

"அப்ப ஒரு வருசமா இந்த மனுசன் யாருகிட்ட 'சரித்தா, சரித்தா'ன்னு தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாரு?" என்றார் பேச்சியம்மாள். "நான் சொன்னா ஒரு தடவையாவது ஆட்டியிருப்பாரா? இனி நானும் மிஷினுலதான் பேசணும்போல."

யாரும் சிரிக்கவில்லை. தவசிதான் கடைசியில் பேசினார். "தப்பு மிஷினோடதுன்னு சொல்ற, அப்பிடித்தான?"

"இல்லண்ணே. குரல்தான் என்னுது இல்ல. தப்பு என்னுது."

அவர் திரும்பிப் பம்புசெட்டுக்குப் போய்விட்டார். கோபமா, யோசனையா என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சியம்மாள் மட்டும், "மோரைக் குடிச்சிட்டுப் போங்க, வெயில் ஏறுது" என்றார்.

மீதிப் பத்துப் பேருக்கும் ஒரு குரல் பதிவு அனுப்பிவிடலாம் என்று கார் ஓட்டிக்கொண்டே ஜெனோவா சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. இனி குரல் பதிவில் எதைச் சொன்னாலும், சொல்வது யார் என்று எப்படித் தெரியும்? சாலையோரம் நிறுத்தி ஒவ்வொருவராக அழைத்தார். முதலில் எடுத்தவர் ராசாங்கம் என்ற தோட்டக்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவர் வெளிப்படையாகவே சந்தேகப்பட்டார்.

"இப்பப் பேசுறது நீயா, அதுவா?"

"நான்தாண்ணே."

"நீயின்னா, போன மாசம் எந்தோட்டத்துல வழுக்கி விழுந்தியே, எந்தக் கால்ல அடி?"

"கால்ல இல்லண்ணே, முழங்கையில."

"அப்ப நீதான். நான் கிள்ளலத்தா. நீ ஏதோ வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சுச் சிரிச்சிட்டு விட்டுட்டேன்."

மற்றவர்கள் எடுக்கவில்லை, அல்லது எடுத்துச் சரியாகக் கேட்காமல் வைத்துவிட்டார்கள். வயலில் இருக்கும் ஆளிடம் மத்தியான நேரத்தில் போனில் கதை சொல்லமுடியாது. மறுநாள் நேரில் போவதென்று முடிவாயிற்று. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் கிளம்பிவிட எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கார் அனுமந்தன்பட்டிக்கு முன்பே கொதித்து, ஆவியை விட்டு நின்றுகொண்டது. சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டக்காரர் அன்றைக்குக் காலையில்தான் கிள்ளுவதற்கு ஆள் சொல்லியிருக்கிறார் என்று முந்தின நாள் சாயங்காலமே ஜெனோவாவுக்குத் தெரியவந்திருந்தது. அந்தத் தோட்டக்காரரின் போன் அணைந்தே கிடந்தது. ஜெனோவா நடுச் சாலைக்குப் போய், காலிப் பழப்பெட்டிகளோடு வந்த ஒரு லோடு வண்டியை மறித்தார்.

குமுளிக்காரர் டிரைவர். "எந்தா சேச்சி, வண்டிக்கு முன்னால சாடுறீங்க?" என்று அரைத் தமிழும் அரை மலையாளமுமாகத் திட்டிவிட்டு ஏற்றிக்கொண்டார். நான் பின்னால், பெட்டிகளுக்கு நடுவே. பன்னீர்த் திராட்சையின் மணம் மரப்பெட்டிகளில் ஊறிப்போயிருந்தது. வண்டி பள்ளத்தில் குதித்தபோதெல்லாம் ஒரு பெட்டி என் தலையில் உட்கார்ந்து எழுந்தது. மேற்கே மலை மேகத்துக்குள் பாதி மறைந்து, கூடவே வந்தது. சுற்றுலாக்காரர்கள் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சி. நான் ஒரு கையால் தலையையும் மறு கையால் வண்டியையும் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

நாங்கள் போய் இறங்கியபோது பந்தலுக்கடியில் ஆறேழு பெண்கள் கையை மேலே தூக்கி நின்றார்கள். ஜெனோவா செருப்பைக்கூடக் கழற்றாமல் வரப்பில் ஓடினார். "நிறுத்துங்க! கையை எடுங்க!" என்ற சத்தத்தில் பெண்கள் கையை அப்படியே மேலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வரிசை போயிருந்தது. மீதி தப்பித்தது.

அந்தத் தோட்டக்காரர் கத்தினார். "ஏத்தா, நீ சொன்னதையும் கேட்டேன், இப்ப நீயே வந்து கேக்காதங்கிற. நாளைக்கு எவளாவது உன் குரல்ல வெசத்தைக் குடின்னா குடிக்கணுமா?" ஜெனோவா தவசியிடம் சொன்னதையே வார்த்தை மாறாமல் இவரிடமும் சொன்னார். அவர் கத்தி ஓய்ந்தபின் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த மிஷினு முன்னாடி எனக்குச் சொன்னதுல எதெல்லாம் சரி, எதெல்லாம் தப்பு?"

"அதுக்கு முன்னாடி போனது அம்புட்டும் நான் கேட்டு அனுப்புனதுண்ணே. வேணும்னா உக்காந்து ஒண்ணொண்ணா மறுபடி கேட்டுச் சொல்றேன்."

"கேளு" என்றார் அவர். வரப்பிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். நான் கொஞ்சம் தள்ளி, கிள்ளிப்போட்ட பிஞ்சு ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். புளிப்பும் துவர்ப்பும். துப்பிவிட்டேன்.

அங்கிருந்து ஓர் ஆட்டோ பிடித்துச் சுற்றியதில், ராசாங்கத்தையும் சேர்த்து சாயங்காலத்துக்குள் ஒன்பது தோட்டங்கள் ஆயின. இருவர் கொஞ்சம் கிள்ளியிருந்தார்கள், ஒருவர் முழுத் தோட்டத்தையும் முடித்திருந்தார், மற்றவர்கள் சும்மா விட்டிருந்தார்கள். முழுவதும் கிள்ளியவர் இனி இவரிடம் கேட்கப்போவதில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இன்னொருவர், "ராத்திரி பதில் வரலேன்னாலும் பரவால்லத்தா, வந்தா நீ பேசு" என்றார். திரும்பும் வழியில் கூடலூரில் கப்பையும் மீன் கறியும் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டோம். கப்பையை நாங்கள் மரவள்ளி என்போம். தேங்காய்ப் பூவில் புரட்டிப் பலகாரமாகத் தின்போம். மீன் கறியின் காரத்தில் எனக்குக் கண் கலங்கியது. ஜெனோவாவுக்கும் கலங்கியிருந்தது; காரம் என்றே வைத்துக்கொண்டோம்.

அங்கே வைத்துத்தான் மணியத்தின் தக்காளிப் பதிலைப் போட்டுக் கேட்கச் சொன்னேன். இரண்டு முறை கேட்டார். "நோயைச் சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆனா உங்க மலையில மழை எப்ப, பனி எப்பன்னு எனக்குத் தெரியாது சார். நான் பாத்திராத மலை. அங்கன உள்ள ஆளைக் கேக்கச் சொல்லுங்க." 'எனக்குத் தெரியாது' என்ற இந்த ஒரு பதிலை மட்டும் மிஷின் யாருக்கும் சொன்னதாக அந்தப் போனில் இல்லை.

இனி எப்படி என்று ஜெனோவா முடிவு செய்ததையும் சேர்த்து மணியத்துக்கு அன்றே எழுதினேன்: ஆள் உண்டு. மிஷினும் உண்டு. உனக்குப் பதில் சொன்னது மிஷின். இனி மிஷின் எழுதித் தரும், பேசுவது ஜெனோவாதான். ராத்திரி கேட்டால் காலையில்தான் பதில் வரும். மணியம் உடனே திருப்பி அடித்தான்: "காலையில வந்தாப் போதும் லா. தூங்கட்டும்."

பத்தில் ஒன்று பாக்கி. அது சந்தியாகு என்பவரின் தோட்டம். ஜெனோவாவை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்திய ஞானத்தகப்பன். மிஷின் சொன்ன பதிலுக்குக் கீழே அவர் திருவிழா வாரத்திலேயே ஒரு பதிவு போட்டிருந்தார்: "சரி மகளே, இன்னைக்கே செஞ்சுர்றேன்." அதை ஜெனோவா எனக்குப் போட்டுக் காட்டினார். வெள்ளி சாயங்காலம்தான் அவர் போனை எடுத்தார். ஜெனோவா எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் கிள்ளல மகளே" என்றார் அவர். "செய்யணும்னு நெனச்சேன், சோம்பேறித்தனமா விட்டுட்டேன். நீ நிம்மதியாத் தூங்கு."

"நாளைக்கு வந்து ஒரு எட்டு பாத்துர்றேன்ப்பா."

"எதுக்கு? நான் தேவதானப்பட்டியில தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கேன். கேட்டு பூட்டிக் கெடக்கு. ஏத்தா, கிள்ளலன்னு சொல்றேன்ல?"

போனை வைத்தபின், "என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாகளோ" என்றார் ஜெனோவா. வேலி முள்வேலிதானே, ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்க்கலாமே என்று கேட்டேன்.

"பாக்கலாம் சார். பாத்தா, அவுக சொன்னதை நான் நம்பலன்னு ஆயிரும். கிள்ளியிருந்தாலும் இனி ஒட்டவைக்க முடியாது." கொஞ்சம் கழித்து, "ஆனா பாக்காம இருந்தா, மறுபடியும் கேக்காம அனுப்புன மாதிரிதான" என்று தனக்குத்தானே சொன்னார். எந்தப் பக்கம் முடிவெடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மினி பேருந்தில் புறப்பட்டேன். ஓட்டுநர் வழியில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, யாருக்கோ மருந்துச் சீட்டைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டார். பயணிகள் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஜெனோவா அடையாளம் சொல்லியிருந்த, சந்தியாகு தோட்டத்து நீலக் கேட்டு, அடுத்த திருப்பத்தில் வந்தது. பூட்டு தொங்கியது. நான் ஜன்னலில் எழுந்து நின்றே பார்த்தேன்.

திராட்சையில் கொத்துகள் பந்தலுக்குக் கீழேதான் தொங்கும். சாலையிலிருந்து பார்க்கிறவனுக்கு மேலே பரவிய இலைகள் மட்டுமே தெரியும். அன்றைக்கு அவை நல்ல பச்சையாக இருந்தன. சந்தியாகு தன் தோட்டத்தில் கொத்துகளைக் கிள்ளவில்லை என்பது அவரே சொன்னது. நான் சரிபார்க்கவில்லை.